செல்ஃபும் ஏசியும் சேர்ந்து மக்கர் பண்ணினால்

நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில் பழைய வண்டிகளுக்கு ஒரு இரட்டை நோய் வரும். காலையில் செல்ஃப் (இன்ஜினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுக்காது, மத்தியானம் ஏசி அனலை ஊதும். டிரைவர் தீர்ப்போடுதான் பட்டறைக்கு வருவார்: "செல்ஃப மாத்திடுங்கண்ணே, ஏசிக்குக் கேஸ் அடிச்சிடுங்க." இரண்டையும் செய்து பில்லும் கொடுத்த பிறகு, நாலாம் நாள் அதே வண்டி தள்ளு ஸ்டார்ட்டில் வந்து நிற்கும். இரண்டு புகாரும் சேர்ந்து வந்தால் செல்ஃபையும் தொடாதீர்கள், கேஸையும் தொடாதீர்கள். முதலில் வோல்ட்டும் கரண்ட்டும் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்குக் கம்பெனியிலிருந்தே கேபின் ஏசி வந்தாக வேண்டும். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் இருப்பது வெளியே மாட்டிய கிட். அவசரத்தில் மாட்டியவர், சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் லைனைத் தேடாமல் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுத்திருப்பார். அப்படியானால் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் ஏசி லைன் உயிரோடு இருக்கும். ரிலே (சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) பாயின்ட் ஒட்டிக்கொண்டால், ஏசி கம்ப்ரசரை புல்லியோடு இணைக்கும் காந்தக் கிளட்ச்சின் காயில் ராத்திரி முழுக்கக் கரண்ட் குடிக்கும். 12 வோல்ட் வண்டியில் அது சுமார் 3.5 ஆம்பியர். பத்து மணி நேரத்தில் 35 ஆம்பியர்-அவர். 80 ஆம்பியர்-அவர் பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி காலி.

இதைப் பிடிப்பது சுலபம். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் போடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அந்த லைனில்தான் திருடன். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்துபோய் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

24 வோல்ட் வண்டியில் இன்னொரு கோளாறு உண்டு. இரண்டு பேட்டரி தொடராக இருக்க, பாட்டுப்பெட்டிக்கும் ஃபேனுக்கும், சில சமயம் ஏசி புளோயருக்கும்கூட, ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுத்திருப்பார்கள். அந்த ஒன்று எப்போதும் பட்டினி. டைனமோ மொத்த வோல்ட்டை மட்டும் பார்ப்பதால் மற்றது ஓவர்சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றும். மொத்தமாக 25 காட்டுகிறதே என்று ஏமாறாமல் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று 12.8, இன்னொன்று 12.2 என்று நின்றால் காரணம் இதுதான். தீர்வு, 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று. ஒரு பேட்டரியை மட்டும் புதிதாக வாங்கிப் போடுவது தீர்வே இல்லை. பழையதோடு ஜோடி சேர்த்தால் புதியதும் கெடும்.

அடுத்து எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டியாக இருந்தால் இதையே முதலில் பார்க்கலாம். சேஸிஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பின்னல் பட்டை மேலே நன்றாகத்தான் தெரியும். போல்ட்டைக் கழற்றி, முனையில் இருக்கும் லக்கை (போல்ட் நுழையும் உலோக வளையம்) திருப்பினால் உள்ளே பச்சைக் களிம்பு, அதன் கீழே துருப்பிடித்த சேஸிஸ், இரண்டுக்கும் நடுவே பெயின்ட். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், மீட்டர் சொல்லட்டும். கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜின் பிடிக்காமலிருக்க டீசலை நிறுத்தும் ஸ்டாப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கும்போதே மூன்று இடத்தில் அளக்க வேண்டும்.

பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே 0.5-ஐத் தாண்டினால் கேபிளோ லக்கோ. சோலினாய்டின் (செல்ஃபுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே 0.3-க்கு மேல் என்றால் உள்ளே செம்புக் காண்டாக்ட் தேய்ந்துவிட்டது. ஒரு தடவை பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், ஒரு நிமிடம் ஆறவிட்டு அடுத்தது. அதே நேரம் பேட்டரி வோல்ட் 12 வோல்ட் வண்டியில் 9.6-க்குக் கீழேயும், 24-இல் 19-க்குக் கீழேயும் விழக்கூடாது.

"டக்" என்று ஒரே சத்தம் வந்து செல்ஃப் சுற்றவில்லை என்றால் பாதிப் பேர் சோலினாய்டைக் குறை சொல்வார்கள். அதற்குள் போக வேண்டாம். சோலினாய்டுக்கு வரும் சின்ன ஒயரில் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட இரண்டு வோல்ட் குறைவாக வந்தால் குற்றவாளி சாவி சுவிட்ச். நடுவே ஒரு ரிலே போட்டால் தீர்ந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சோலினாய்டை ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் செய்யும் வித்தையை எல்லோரும் செய்கிறார்கள். கியரில் நிற்கும் வண்டி அந்த ஒரு நொடியில் ஆள் மேல் ஏறிவிடும்.

காலையில் நன்றாக எடுத்து, சூடான பிறகு இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? செம்பு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் 0.4 சதவீதம் எதிர்ப்பைக் கூட்டிக்கொள்ளும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கும் செல்ஃபில் 60 டிகிரி ஏறினால் கால்பங்கு கூடும். நல்ல செல்ஃப் இதைத் தாங்கும், புஷ் (தண்டு சுற்றும் பித்தளை வளையம்) தேய்ந்தது தாங்காது. பிரித்துப் பார்க்கும் முன் டிசி கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டி அடியுங்கள் (வீட்டு மின்சாரம் போன்ற மாறுதிசைக் கரண்டை மட்டும் அளக்கும் மலிவான கிளாம்ப் இங்கே உதவாது). மெதுவாகச் சுற்றி அதிகக் கரண்ட் இழுத்தால் ஆர்மெச்சர் (உள்ளே சுழலும் பாகம்) உரசுகிறது அல்லது ஷார்ட். மெதுவாகச் சுற்றிக் குறைவாக இழுத்தால் கார்பன் பிரஷ்ஷோ கேபிளோ. பிரஷ் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரை நைஸ் உப்புத்தாளால் மட்டும் துடையுங்கள். எமரி வேண்டாம், அதன் தூள் கரண்டைக் கடத்தும். புதுப் புஷ்ஷை ஒரு ராத்திரி இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டு அடித்தால்தான் நாள்பட உழைக்கும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் ஏசி. ஏசிக்கும் முதல் கேள்வி வோல்ட்தான். இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, கிளட்ச் கனெக்டரில் அளங்கள். பேட்டரியில் 14, அங்கே 11.5 என்றால் காந்தம் பலமிழந்து வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் இன்னும் வழுக்கும். வோல்ட் சரியாக வந்தும் அரை மணி ஓடியதும் கிளட்ச் கழன்றுகொண்டால் இன்ஜினை நிறுத்தி, கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விடுங்கள். 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 0.8-ஐத் தாண்டியிருந்தால் நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுத்து, பின்னால் இருக்கும் மெல்லிய ஷிம் வாஷரில் ஒன்றை நீக்குங்கள். செலவு என்று ஒன்றுமில்லை. கம்ப்ரசரே போய்விட்டது என்று கழற்றப்பட்டவை எத்தனையோ இந்த ஒரு வாஷரால்.

ஓடும்போது குளிர்கிறது, வரிசையில் நின்றால் அனல் என்றால் கண்டென்சர், அதாவது ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் முன்பக்கத் தகட்டுப் பெட்டி. டெல்டா வண்டிக்கு இது தனி வியாதி. களத்துப் பதரும் வைக்கோல் தூசியும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுச்சந்தில் போய், மழை ஈரத்தில் பாய் மாதிரி ஒட்டிக்கொள்ளும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். பைப்பைக் கழற்றாமல் மவுண்டிங் போல்ட்டை மட்டும் எடுத்து முன்னால் சாய்த்து, இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக 30–40 பிஎஸ்ஐ காற்றில் ஊதுங்கள், பிறகு சோப்புத் தண்ணீர். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைச் சாய்த்து அடித்தால் தகடு மடிந்து வழியே அடைபடும். கூடவே ஃபேனின் திசையையும் சோதியுங்கள். ஃபேன் கண்டென்சருக்குப் பின்னால் இருந்தால் முன்பக்கம் வைத்த காகிதம் ஒட்டி நிற்க வேண்டும். பறந்து விழுந்தால் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியாகத்தான் கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜ். ஆர்134ஏ கேஸ், வெளியே 35 டிகிரி, 1500 ஆர்பிஎம் என்றால் லோ (கம்ப்ரசருக்குள் வரும் பக்கம்) 25–45, ஹை (வெளியே போகும் பக்கம்) 200–280 பிஎஸ்ஐ. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கண்டென்சர் அழுக்கு, அல்லது கேஸ் கூடுதல். லோ ஏறி ஹை இறங்கினால் கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் குளிர்ந்து, நின்று, மறுபடி குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. கேஸைக் குறுகிய வழியில் விட்டுக் குளிர வைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸ் கட்டி உருகுகிறது. நின்ற வண்டியில் கேஜ் 114 பிஎஸ்ஐ காட்டுவதை வைத்து "கேஸ் ஃபுல்" என்பார்கள். 35 டிகிரியில் ஒரு சொட்டுத் திரவம் மிஞ்சியிருந்தாலும் அதே 114-தான்.

கேஸ் குறைந்திருந்தால் எங்கோ லீக். சோப்பு நுரையால் தேடி, ஓ ரிங்கும் (ஜாயின்ட் ரப்பர் வளையம்) ஈரம் உறிஞ்சும் டிரையரும் மாற்றி, 45 நிமிடம் வேக்யூம் இழுத்து, பம்பை மூடிவிட்டு இன்னும் அரை மணி முள் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். அப்புறம் கேஸைத் தராசில் எடை வைத்து ஏற்றுங்கள். எத்தனை கிராம், கம்ப்ரசருக்கு எந்த நம்பர் பிஏஜி ஆயில், எந்தத் தேதி என்பதைக் கேபின் கதவின் உள்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் அடுத்த மழைக்குள் உரிந்துவிடும்.