கத்துங்கள், பாட்டு முடியட்டும்

இயக்குநரைப் பார்த்துக் கூச்சல் போடலாம், பாடுகிறவரைப் பார்த்துப் போடக் கூடாது. ஓபரா ரசிகர்களோடு எப்போது பேசினாலும் நான் இந்தக் கட்சிதான்.

2006 டிசம்பரில் மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் வெர்தியின் 'ஐடா'. கதாநாயகன் ரதாமேஸாகப் பாடியவர் ராபர்ட்டோ அலான்யா. அந்தப் பாத்திரத்தின் பெரிய பாட்டு, முதல் அங்கம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வந்துவிடும். தொண்டை சூடாவதற்குள் உச்ச ஸ்வரத்தைத் தொட வேண்டும். அதையும் மெல்லத் தேய்த்து முடிக்கச் சொல்லி வெர்தி எழுதிவைத்திருக்கிறார். பாட்டு முடிந்ததும் மேல்மாடியிலிருந்து கூச்சல். அலான்யா மேடையை விட்டுப் போய்விட்டார். மாற்றுப் பாடகர் அந்தொனெல்லோ பாலொம்பி மேடை உடைகூட மாட்ட நேரமில்லாமல், போட்டிருந்த சட்டையோடு வந்து பாடினார். அலான்யா போனது சரியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இன்னும் மூன்று அங்கம் பாட வேண்டியவரை முதல் பாட்டிலேயே உடைத்து என்ன கிடைத்தது? கலங்கிய மனசோடு யாராலும் மூச்சைப் பிடித்துப் பாட முடியாது.

இயக்குநர் விஷயம் வேறு. அவர் மாதக்கணக்கில் யோசித்து முடிவெடுத்தவர், பதிலுக்கு யோசிக்கவும் அவருக்கு நேரம் இருக்கிறது. 2009-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் லுக் பாண்டி இயக்கிய 'டோஸ்கா'வுக்கு ரசிகர்கள் கைதட்டலைப் பாடகர்களுக்கும் கூச்சலை இயக்குநர் குழுவுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். நியாயம்தான். வில்லன் ஸ்கார்பியாவைக் கொன்றபின் கதாநாயகி டோஸ்கா பிணத்தருகே மெழுகுவத்திகளை வைப்பாள். அதற்கென்றே புச்சினி இசை எழுதியிருக்க, பாண்டி அந்தச் செய்கையை எடுத்துவிட்டார்.

ஆனால் கூச்சல் போட்டவர்கள் எப்போதும் சரியாகிவிடுவதில்லை. 1976-இல், வாக்னரின் ஓபராக்களுக்கென்றே ஜெர்மனியில் நடக்கும் பைராய்ட் விழாவின் நூற்றாண்டுக்கு அவருடைய 'மோதிரம்' வரிசையின் நான்கு ஓபராக்களையும் பத்ரீஸ் ஷெரோ இயக்கினார். வயது 31. ரைன் நதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மின் உற்பத்தி அணை! ஆட்கள் விசிலோடு வந்து ஊதினார்கள் (அங்கே விசில் என்றால் எதிர்ப்பு). ஷெரோ ஓடவில்லை. வருஷா வருஷம் திருத்தினார், வால்கிரிகள் என்ற போர்க்கன்னிகளின் பாறையையே அடுத்த வருஷம் மாற்றிக் கட்டினார்கள். 1980-இல் கடைசி முறை நடந்தபோது ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கைதட்டல் நிற்கவில்லை.

அந்தத் தயாரிப்பின் வீடியோ இருக்கிறது. முழுசாகப் பார்க்க முடியாதவர்கள் 'வால்கிரி'யின் இரண்டாம் அங்கத்தை மட்டுமாவது பாருங்கள். பெரிய கண்ணாடி முன் நின்று தேவர்களின் தலைவன் வோட்டான் மனசைக் கொட்டுகிறான். பக்கத்தில் ஓர் ஊசல் ஆடிக்கொண்டே இருக்கிறது. 'முடிவு' என்று பாடும்போது அதைக் கையால் பிடித்து நிறுத்துகிறான். அப்புறம், தானே சாகவிட்ட மகனை ஓடிவந்து அள்ளிக்கொள்கிறான். வோட்டானாகப் பாடும் டொனால்ட் மெக்கின்டயரின் முகத்தை அந்த இடத்தில் பார்க்க வேண்டும். இப்படி ஓர் அணைப்பை இசைக்குள்ளிருந்து கண்டெடுத்த இயக்குநருக்கு அணையை மன்னிக்கலாம். நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.