ஜிம்மியும் சுண்டுவும் வீடு மாறின கதை: என் டைரியிலேருந்து

மே 5, ஞாயிறு

முடிவாயிடுச்சு. ஜூன் 1 மடிப்பாக்கத்துலேருந்து ஸ்ரீரங்கத்துக்கு குடி போறோம். இவருக்கு திருச்சிக்கு மாத்தல் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, ஆனா பங்குனியில குடி போகவே கூடாதுன்னு அம்மா ஒத்த கால்ல நின்னாங்க, "ஆனி அடியிடாதே, கூனி குடிபுகாதே"ன்னு பழமொழி வேற (கூனின்னா பங்குனி), அப்புறம் சித்திரையில அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சிடுச்சு, இப்படி தள்ளி தள்ளி வைகாசியில வந்து நிக்குது. தள்ளினது நல்லதுதான். இந்த வெயில்ல ஜிம்மிய கார்ல வெச்சு 6 மணி நேரம் கூட்டிட்டு போறத நெனச்சாலே எனக்கு பயம், நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்க தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட எறக்கணும்.

ஜிம்மிக்கு 9 வயசு, நாட்டு நாய். சுண்டு பூனை, 3 வயசு, கண்ணு கூட திறக்காத குட்டியா மழையில மாடிப்படி கீழ கெடந்தா, சுண்டுவிரல் அளவுதான் இருந்தா, அதான் அந்த பேரு.

வீடு தேடினப்ப 11 வீட்டுல "நாய் பூனைன்னா வேணாம்மா"ன்னு சொல்லிட்டாங்க. வளர்ப்புப் பிராணிய தடை பண்ணக்கூடாதுன்னு விலங்குகள் நல வாரியம் 2015-லயே எழுதி அனுப்பியிருக்கு, ஆனா அது அபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கு. தனி வீட்டுக்காரர் கிட்ட அத காட்டி என்ன பண்றது. 12-வது வீடு ஒரு வயசான தம்பதியோடது. பின்கட்டுல பழைய மாட்டுக்கொட்டில் அப்படியே இருக்கு. மாமி கேட்ட ஒரே கேள்வி, "தயிர் சாதம் சாப்பிடுமா?"

மே 12, ஞாயிறு

இன்னிக்கு பெட்டி வேட்டை. மளிகைக்கடை அட்டைப்பெட்டி சும்மா கெடைக்குதுன்னு போன தடவ எடுத்துட்டு வந்து, மடிப்புக்குள்ள கரப்பான் முட்டை ஒட்டியிருந்து, புது வீட்டுல மூணு மாசம் அவஸ்தைப்பட்டோம். பூனை இருக்கற வீட்டுல மருந்தும் அடிக்க முடியாது. அதனால இந்த தடவ மெடிக்கல் ஷாப்ல சொல்லி வெச்சு வாங்கினேன், அது சுத்தமா இருக்கும், அளவும் சின்னது, புத்தகத்துக்கு அதுதான் சரி. பெரிய பெட்டியில புத்தகம் போட்டா அடி பிச்சுக்கும். மிக்ஸி, பாத்திரம், கண்ணாடி சாமானுக்கு மட்டும் 5 ப்ளை, அதாவது அஞ்சு அடுக்கு அட்டைப்பெட்டி காசு குடுத்து வாங்கினோம். 2 இஞ்ச் பிரவுன் டேப் 6 ரோல், பழைய பேப்பர் கடையில 10 கிலோ பேப்பர், மார்க்கர் ரெண்டு. பபிள் ரேப் டிவிக்கும் சாமி படத்துக்கும் மட்டும்தான். மத்ததுக்கெல்லாம் அம்மாவோட பழைய நூல் புடவைங்க, பெட்ஷீட்டு, டவல்.

பெட்டிய கொண்டாந்து வெச்ச உடனே சுண்டு ஒண்ணுக்குள்ள போயி உக்காந்துட்டா. அத ஒட்டாம அவளுக்கே விட்டாச்சு. நெதர்லாந்துல உட்ரெக்ட் யுனிவர்சிட்டில 2014-ல காப்பகத்துக்கு புதுசா வந்த பூனைங்க கிட்ட ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஒளிஞ்சுக்க பெட்டி குடுத்த பூனைங்களுக்கு, குடுக்காததுங்கள விட சீக்கிரமா பதட்டம் கொறஞ்சுதாம். ஒளிய ஒரு எடம் இருந்தா போதும் அதுங்களுக்கு.

மே 19, ஞாயிறு

ஸ்ரீரங்கத்துல பால் காய்ச்சிட்டு ராத்திரியே திரும்பினோம். சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி எல்லாம் வெச்சாச்சு. பால் கிழக்கு பக்கம் பொங்குச்சுன்னு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

நான் போன வேலை வேற. வீடு கழுவ வந்த அக்கா பினாயில் பாட்டில தொறந்து பக்கெட்டுல ஊத்த போனாங்க, நான் ஓடிப்போயி நிறுத்தினேன். கறுப்போ வெள்ளையோ பினாயிலே வேணாம்க்கா, சோப்புத்தண்ணி போதும்னேன். பூனையோட கல்லீரல் அந்த வகை ரசாயனத்த முறிக்காது, அது தரையில நடந்துட்டு கால நக்கும், அவ்ளோதான் உள்ள போயிடும். அக்கா "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கேம்மா"ன்னு மொகம் வாடிட்டாங்க. யாரும் அவங்களுக்கு சொன்னதில்ல.

அப்புறம் ஒரு வேலை பண்ணேன். மூணு நாளா சுண்டுவோட கன்னத்துல தேச்சு தேச்சு ஒரு பழைய பனியன் துணி வெச்சிருந்தேன். பூனைக்கு கன்னத்துல வாசனை சுரப்பி இருக்கு, எதையாவது கன்னத்தால உரசுச்சுன்னா இது என்னுதுன்னு எழுதி வைக்குதுன்னு அர்த்தம். அந்த துணிய புது வீட்டுல பின் ரூம் கதவு ஓரம், அலமாரி முனை, எல்லாத்துலயும் பூனை உயரத்துல தேச்சுட்டு வந்தேன். அம்மா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல.

மே 24, வெள்ளி

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு போனேன். காலையில 8 மணிக்கே கூட்டம், ஆடு, வாத்து எல்லாம் இருந்துச்சு. ஜிம்மிக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசி இந்த வருஷத்துக்கு போட வேண்டியிருந்தது, போட்டாச்சு. தடுப்பூசி அட்டைய சாமான் பெட்டியில போடாம ஹேண்ட்பேக்குலயே வெச்சுக்க சொன்னாங்க டாக்டரம்மா. தூக்க மாத்திரை ஏதாவது குடுக்கலாமான்னு கேட்டேன். பூனைக்கு பயணத்துக்குன்னு அளவு பாத்து ஒண்ணு எழுதிக் குடுத்தாங்க, வீட்டுல இருக்கற மனுஷ மாத்திரை எதையும் தொடாதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னாங்க, பாராசிட்டமால் ஒண்ணு போதுமாம் பூனை உயிர் போக.

ரயில்ல போலாமான்னு இவர் யோசிச்சார். நாய் நம்ம கூட வரணும்னா ஃபர்ஸ்ட் ஏசில கூப்பேயோ கேபினோ முழுசா நமக்கே வேணும், இல்லன்னா கார்டு வேன்ல நாய்ப்பெட்டி. இரும்புப்பெட்டியில ராத்திரி பூரா ஜிம்மி தனியா வரணுமா? கார்தான்.

கேரியர் பத்தி சொல்லணும், பூனைய வெச்சு தூக்கிட்டு போற பெட்டி. அத பத்து நாளா ஹால்ல கதவ தொறந்தே வெச்சிருக்கேன், சுண்டுவோட சாப்பாட்டு தட்டு உள்ள. மொத ரெண்டு நாள் எட்டிக்கூட பாக்கல. இப்ப உள்ளயே தூங்குறா. கேரியர பரண்லேருந்து அன்னிக்குத்தான் எறக்கினா அதுங்களுக்கு ஊசிதான் ஞாபகம் வரும்.

மே 29, புதன்

ஜிம்மி நேத்துலேருந்து சரியா சாப்பிடல. ஒவ்வொரு பெட்டியா ஒட்ட ஒட்ட, டேப் கிழிக்கற அந்த கர்ர்ர்னு சத்தம் கேட்டா வாசலுக்கு போயி படுத்துக்கறான். சோஃபாவ நகத்தினதுதான் அவனுக்கு தாங்கல போல, அது இருந்த எடத்துல போயி வெறுந்தரையில படுத்திருந்தான். இன்னிலேருந்து வாக்கிங் மட்டும் அதே நேரம், காலைல 5.30, சாயந்தரம் 6, என்ன வேலை கெடந்தாலும் சரின்னு வெச்சுட்டேன்.

இன்னிக்கு ஒரு பெரிய தப்பு நடக்க இருந்துச்சு. பட்டுப்புடவை பெட்டியில அம்மா அந்துருண்டை போட்டு வெச்சிருந்தாங்க, அதுல ஒண்ணு உருண்டு கட்டிலடியில போயிடுச்சு, சுண்டு அத கால்ல தட்டி வெளையாடிட்டு இருந்தா. ஓடிப்போயி புடுங்கினேன். நாய்க்கும் சரி பூனைக்கும் சரி அது விஷம். எல்லாத்தையும் எடுத்துட்டு வேப்பிலை காயவெச்சு போட்டாச்சு. டேப் துண்டு, சணல், ரப்பர் பேண்டு, இதெல்லாமும் அப்பப்ப பொறுக்கி டப்பாவுல போடறேன், நூல் கயிறுன்னா பூனை முழுங்கிடும், குடல்ல மாட்டினா ஆபரேஷன்தான்.

துவைக்காம தனியா எடுத்து வெச்சது ரெண்டே ரெண்டு: ஜிம்மியோட சாக்கு, சுண்டு படுக்கற அம்மாவோட ஊதாப் புடவை. அம்மா துவைச்சு தரேன்னாங்க, வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டேன். அது ரெண்டும் லாரியில ஏறாது, கார்ல நம்ம கூட.

மே 31, வெள்ளி

கை இன்னும் நடுங்குது, ஆனா எழுதிட்டு படுக்கறேன்.

பேக்கர்ஸ் ஆளுங்க அஞ்சு பேர் காலையில 9 மணிக்கு வந்தாங்க. சுண்டுவ பாத்ரூம்ல வெச்சு, தண்ணி, அவ ஒண்ணுக்கு ரெண்டுக்கு போற மண் தட்டு, கேரியர் எல்லாம் வெச்சு, கதவுல தமிழ்லயும் ஹிந்தியிலயும் "உள்ள பூனை இருக்கு, திறக்காதீங்க"ன்னு ஒட்டியிருந்தேன். அப்படியும் 11 மணிக்கு கை கழுவ ஒரு பையன் திறந்துட்டான். பாவம், 19 வயசு இருக்கும், அவனுக்கு எழுத்து படிக்க வராதுன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. வாசக்கதவு விரிய தெறந்து கெடக்கு. சுண்டு காணோம்.

எல்லாரையும் நிறுத்த சொன்னேன். மொதல்ல தெருக்கதவ சாத்தினோம். மாடி, வாட்டர் டேங்க் அடி, பக்கத்து வீட்டு மதில், எங்கயும் இல்ல. ரெண்டு மணி நேரம். அந்த பையன் என்ன விட அதிகமா தேடினான், மொகமெல்லாம் வேர்த்து, "தீதீ, தீதீ"ன்னு, ஹிந்தியில அக்கான்னு, ஒவ்வொரு மூலையா கூப்பிட்டு காட்டினான். கடைசில அவன்தான் கண்டுபிடிச்சான். பரண்லேருந்து எறக்கி வெச்ச பாட்டியோட பித்தளை அண்டா, அதுக்குள்ள, சாக்குக்கு கீழ. டார்ச் அடிச்சா ரெண்டு பச்சை கண்ணு. கொஞ்ச நேரத்துல அந்த அண்டாவ சாக்குல கட்டி லாரியில ஏத்தியிருப்பாங்க. அத நெனைக்கவே முடியல.

கைய விட்டு இழுக்கல. எல்லாரையும் வெளிய போக சொல்லிட்டு, ஊதாப் புடவைய மெதுவா அண்டாக்குள்ள எறக்கி, பக்கத்துல தரையில உக்காந்தேன். பேசவும் இல்ல. இருபது நிமிஷம் இருக்கும். அண்டாக்குள்ள நகம் பித்தளையில கீறற சத்தம், அப்புறம் புடவை அசையுது, அப்புறம் மொதல்ல காது ரெண்டும் வெளிய வந்துச்சு. புடவையோட சேத்து தூக்கி கேரியர்ல வெச்சேன். அந்த பையன் வாசப்படியில உக்காந்து அழுதுட்டு இருந்தான். அவனுக்கு மோர் குடுத்தேன்.

ஜூன் 1, சனி

காலைல 4 மணிக்கு கெளம்பினோம். பூனைக்கு ராத்திரி 10 மணிக்கு மேல சாப்பாடு குடுக்கல, மாத்திரை மட்டும். கேரியர சீட்டுல வெச்சு பெல்ட் போட்டு மேல டவல் மூடியாச்சு. பரனூர் டோல் வரைக்கும் சுண்டு கத்தினா, குழந்த அழற மாதிரியே, அப்புறம் மேல்மருவத்தூர் தாண்டினதும் அமைதி. ஜிம்மி என் மடியில தலைய வெச்சு நடுங்கிட்டே வந்தான். திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர்னு மூணு எடத்துல நிறுத்தினோம், கதவ தெறக்கறதுக்கு முன்னாடியே கழுத்துப்பட்டையில சங்கிலி மாட்டிட்டுத்தான் எறக்கினேன். திண்டிவனத்துகிட்ட ரோட்டோரமா நுங்கு வித்துட்டு இருந்தாங்க, ஜிம்மிக்கும் ரெண்டு சுளை.

சமயபுரம் டோல் தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறும்போது தூரத்துல ராஜகோபுரம். அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

லாரி வர்றதுக்கு முன்னாடியே பின் ரூம்ல சுண்டுவ விட்டு கதவ சாத்திட்டேன். அந்த ரூம்ல அவளோட பழைய மண் தட்டு, கழுவாம கொண்டு வந்தது, புடவை, அவ உக்காந்த அந்த மெடிக்கல் ஷாப் பெட்டி, இவ்ளோதான். கேரியர்லேருந்து நேரா பெட்டிக்குள்ள போனா.

ஜூன் 3, திங்கள்

ராத்திரி ஜிம்மி ஊளையிட்டான். நான் ஹால்லயே அவன் பக்கத்துல பாய போட்டு படுத்தேன். தண்ணி மாறினா வயிறு கெடும்னு சென்னை வீட்டு தண்ணி ரெண்டு கேன் கொண்டு வந்தேன், அதுல காவேரி தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா கலந்து வெக்கறேன். மாமி தயிர் சாதம் கொண்டு வந்தாங்க. மோந்து பாத்துட்டு திரும்பிட்டான். மாமி தட்ட எடுக்கல, பக்கத்துலயே வெச்சுட்டு போனாங்க. காலைல பாத்தா தட்டு காலி.

ஜூன் 9, ஞாயிறு

இன்னிக்கு பின் ரூம் கதவ திறந்தே விட்டேன். சுண்டு வயித்த தரையில ஒட்டினா மாதிரி நடந்து சமையலறை வரைக்கும் வந்தா. ஒவ்வொரு முனையா மோந்தா. கடைசில கிரைண்டர் மேடை ஓரத்துல, நான் துணி தேய்க்காத எடத்துல, தானே கன்னத்த வெச்சு ஒரு உரசு. நான் தோசை திருப்பிட்டு இருந்தேன், அப்படியே நின்னுட்டேன், தோசை கருகிடுச்சு. ஒரு மாசத்துக்கு வெளிய விடறதில்லன்னு முடிவு, விட்டா பழைய வீட்ட தேடி கெளம்பிடும்.

ஜூன் 16, ஞாயிறு

இத எழுதாம தள்ளிட்டே இருந்தேன். மடிப்பாக்கத்துல எங்க தெருவுல வெள்ளச்சின்னு ஒரு தெரு நாய், ஜிம்மியோட 6 வருஷ சிநேகிதி. கூட்டிட்டு வரலாமான்னு நாங்க ராத்திரி ராத்திரியா பேசினோம். தெருவுலயே பொறந்து வளந்தது, அதோட குட்டிங்களும் அங்கதான், புடுங்கிட்டு வந்து கதவுக்குள்ள அடைக்கறது நியாயமில்லன்னு விட்டுட்டோம். கெளம்பின அன்னிக்கு ஜிம்மியோட சாக்க ரெண்டா கிழிச்சு பாதிய இஸ்திரி வண்டி கீழ, அவ படுக்கற எடத்துல போட்டுட்டு வந்தேன்.

இன்னிக்கு இஸ்திரி அண்ணன் போன் பண்ணார். ரெண்டு வேளையும் சோறு வெக்கறாராம், மொத நாலு நாள் நம்ம வீட்டு கேட்டு முன்னாடியே கெடந்ததாம், இப்ப வண்டி கீழ, அந்த சாக்கு மேலதான் படுக்குதாம். ஸ்பீக்கர்ல அவர் குரல் கேட்டு ஜிம்மி காத தூக்கினான், எழுந்து போயி வாசக்கதவ பாத்துட்டு வந்து மறுபடி படுத்தான். மழை வந்தா அந்த சாக்க மட்டும் எடுத்து உள்ள போட்டுடுங்கண்ணேன்னு சொல்லியிருக்கேன்.