பார்தூர்நாக்ஸைக் கொல்ல என்னால் ஏலாது

ஸ்கைரிம் வீடியோ கேமின் கதையில் டிராகன்கள் மனிதரை அடக்கி ஆண்ட காலம் ஒன்று இருந்தது, மனிதர் எழுந்து டிராகன்களின் தலைவன் அல்டுயினை விரட்டினார்கள், சரி, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தோற்று ஒளிந்தவற்றையும் அகாவிர் கண்டத்திலிருந்து வந்த வீரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடித் தேடிக் கொன்றார்களே, அதுதான் மனதைப் பிசைகிறது. அவர்கள் வழிவந்த பிளேட்ஸ் என்ற டிராகன் வேட்டைக் குழு இன்றும் கேட்பது பார்தூர்நாக்ஸின் உயிரை. மனிதருக்குக் குரல் வித்தை சொல்லிக்கொடுத்து, சொந்த அண்ணன் அல்டுயினையே எதிர்த்து நின்று, பிறகு மலையுச்சியில் தன் கொடூரத்தோடு போராடிக்கொண்டே கிடக்கிற கிழட்டு டிராகன் அது! கொன்றால்தான் உதவி என்கிறாள் பிளேட்ஸ் தலைவி டெல்ஃபின்.

கொக்குவிலில் கூட்டாளிமார் பாதிப்பேர் 'பழைய பாவத்துக்குத் தண்டனை வேணும்' என்கிறார்கள். எனக்கு அந்த உதவியே வேண்டாம். கேமில் அதைக் கொன்றவர்கள் ஏன் என்று எழுதுங்கோ.