வேடியப்பனுக்கு வெச்ச பொங்கல்

தம்பி வண்டியிலிருந்து விழுந்து கால் முறிஞ்சு படுத்தப்பவே அம்மா வேண்டிக்கிட்டாங்க: "எம்புள்ள எழுந்து நடந்தா, ஆடி 18-க்கு அவன் கையாலயே ஆத்துத் தண்ணி கொண்டாந்து ஊத்தறோம், வேடியப்பா." இந்த ஆடியில எங்க ஊர்ச் சாமி வேடியப்பன் அதை நிறைவேத்தி வெச்சார்.

முதல்ல அனுமன்தீர்த்தம். தென்பெண்ணையில இறங்கவே இடமில்லை, அப்படி ஒரு கூட்டம். வண்டி நிறுத்த வாங்கின காசுக்கு ரசீது கேட்டா அந்த ஆளு முறைக்கிறான். தோஷம் கழிக்கணும்னு தட்டோட பின்னாடியே ஒருத்தர். பொம்பளைங்க துணி மாத்த ஒரு மறைப்புகூட சரியா இல்லை. ஆனா அனுமார் கொண்டுவந்த காசித் தண்ணி விழுந்த இடமாச்சே, மூணு முழுக்குப் போட்டதும் கோபமெல்லாம் போயிடுச்சு. அங்கிருந்து தீர்த்தமலை. தம்பி உக்காந்து உக்காந்து ஏறினான். ராமர் தீர்த்தத்துல தலையைக் காட்டி, தீர்த்தகிரீஸ்வரரைக் கும்பிட்டு, பொழுது சாயறதுக்குள்ள ஊர் வந்து சேர்ந்தோம்.

எங்க ஊரும் தென்பெண்ணைக் கரைதான். மாடு ஓட்டிக்கிட்டு ஆத்தோரமா வந்தவங்க இங்கேயே காடு திருத்தி உக்காந்தாங்களாம். மாட்டைக் கவர வந்தவங்களோட மல்லுக்கட்டி செத்தவருக்கு நட்ட கல்லுதான் வேடியப்பன், அந்தக் கல்லைச் சுத்தித்தான் ஊரே வந்துச்சுன்னு பாட்டி சொல்லுவாங்க. தருமபுரி அருங்காட்சியகத்துல இதே மாதிரி நடுகல்லுங்க நிக்கும். ஒரு முழம் பூகூட இல்லாம நிக்கிறாங்களேன்னு எனக்கு மனசு சங்கடப்படும்.

தம்பி குடத்தைத் தோள்ல வெச்சு கரை மேட்டுல ஏறி வந்தான். லேசா விந்தினான், ஆனா யார் கையையும் பிடிக்கலை. அவன் ஊத்த ஊத்த, நாள்பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் கரைஞ்சு வழிஞ்சுது. முதல்ல வில்லு தெரிஞ்சுது. அப்புறம் இன்னொரு கையில குறுவாள், காலடியில சின்னதா ஒரு மாடு. எத்தனையோ தடவை கும்பிட்டிருக்கேன், அந்த மாட்டை அன்னைக்குத்தான் பார்த்தேன். அம்மா வாய்விட்டு அழுதுட்டாங்க. எனக்கும் என்ன வேண்டிக்கறதுன்னே தெரியலை.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவங்க, திருப்பூர் போனவங்கன்னு எல்லாருமே வந்திருந்தாங்க. பக்கத்து வீட்டு ஆயா தம்பி முழங்காலைத் தடவிப் பார்த்து, "ஏங்கண்ணு, இனிமே வண்டிய மெதுவா ஓட்டு"ன்னு சொன்னாங்க. அவன் படுத்துக் கிடந்தப்ப எங்க கேழ்வரகை அறுத்துக் களம் சேர்த்துக் கொடுத்ததே இந்த ஆயா வீடும் கீழத்தெரு சனமும்தான். கூலின்னு பேச்செடுத்தா சண்டைக்கு வந்துட்டாங்க. பந்தியில அவங்களுக்குத்தான் அம்மா முதல்ல பொங்கல் வெச்சாங்க.

வேடியப்பா, எங்களுக்குக் கேட்டதைக் கொடுத்துட்டே. அவங்க போர் கிணத்துலயும் தண்ணி வத்தாம பாத்துக்கப்பா.