முதுகில் உப்பு

இன்று காலை புதுச்சேரி கடற்கரைச் சாலை, காந்தி சிலை அருகே சைக்கிளை நிறுத்தினார் ஒரு தம்பி. கறுப்பு பனியன் முதுகெல்லாம் வெள்ளை வெள்ளையாக வரிகள். வியர்வை காய்ந்து படிந்த உப்பு.

கையில் பெரிய பாட்டில். மடமடவென்று குடித்தார்.

"உப்பு ஏதும் கலந்துக்கிறீங்களா தம்பி?"

"இல்லண்ணா, வெறும் தண்ணிதான்."

எனக்குப் பகீரென்றது. அயர்ன்மேன் போட்டிக்குத் தயாராகிறாராம். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அப்புறம் 42.2 கி.மீ. ஓட்டம். அத்தனை மணி நேரமும் வெறும் தண்ணீரையே அளவுமீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பில் இருக்கும் சத்து, குறைந்துவிடும். முதலில் குமட்டல், தலைவலி. முற்றினால் உயிருக்கே ஆபத்து.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள் என்றேன். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

நம் ஊர் வெயிலுக்கு இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. உப்பு தனியாக வேண்டும்.

சாப்பாடும் அப்படித்தான். நெடுந்தூரப் போட்டியில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. வயிறு ஒரே நாளில் அதற்குப் பழகாது, பயிற்சியிலேயே பழக்க வேண்டும். முடிந்தவரை சைக்கிளில் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள் தம்பி, ஓட ஆரம்பித்தால் வயிறு குலுங்கும், எதுவும் எளிதில் இறங்காது.