கரையில் முறை, காகிதத்தில் தடை

கடற்றொழில் பரிசோதகராக நான் அதிக காலம் நின்றது திருகோணமலைக் கரையில்தான். இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தொழில் செய்யும் சுதந்திரத்தைத் தருகிறது. 15ஆம் உறுப்புரை அதற்கு எல்லை போட இடம் கொடுக்கிறது. அந்த எல்லை எங்கே என்று தினமும் கேள்வி கேட்கப்படுவது எங்களிடம்.

சட்டப் புத்தகத்தைவிட எனக்குப் பாடமாக இருந்தது கரைவலை, அதாவது கடலில் வளைத்துக் கரையில் நின்று இழுக்கும் வலை. வாடை அடங்கி, பங்குனியில் தொழில் தொடங்கினால் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் ஒரே பாட்டில் (வலை வளைக்கும் இடத்தில்) பல சம்மாட்டிமார், அதாவது வலை உரிமையாளர்கள், வலை வளைப்பார்கள். ஒருவர் இழுத்து முடிக்கும்வரை அடுத்தவர் தோணியைத் தள்ளமாட்டார். மீன் கறுத்துத் திரண்டு கண்முன்னே நிற்கும். முறை வராதவர் பார்த்துக்கொண்டு நிற்பார். நாளைக்குத் தன் முறை வரும்போது மற்றவரும் ஒதுங்கி நிற்பார் என்ற நம்பிக்கைதான் அவரைப் பிடித்து வைத்தது. பொலிசுக்கு அங்கே வேலையில்லை.

கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்கவேண்டியிருந்த யுத்த காலத்துப் பாஸ் நடைமுறை வேறு. பயத்தில் பணிந்தார்கள். 2009க்குப் பிறகும் சட்டம் என்றாலே பாஸ் என்று பார்க்கிற மனம் கரையில் மிஞ்சியிருந்தது.

டைனமைற் வெடித்து மீன் பிடிக்கும் விசயத்தில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் தடுக்காவிட்டாலும் நான் எதிர்த்திருப்பேன். ஒரு வெடியில் குஞ்சும் முருகைக்கல்லும் (பவளப்பாறையும்) சேர்ந்தே போகும். அயலவர் நாளைக்குப் பிடிக்கவேண்டிய மீனை இன்றைக்கே அழிப்பதைத் தொழில் சுதந்திரம் என்று எப்படி ஏற்பது?

ஒற்றை நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலைதான் மனதை அலைத்தது. தடை நியாயமானது: அறுந்து போனால் உக்காது, கடலுக்கடியில் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். ஆனால் நான் பிடித்ததெல்லாம் சிறு வள்ளக்காரர் கடன்பட்டு வாங்கிய வலைகள். ஒரு முதியவர் கேட்டார்: "ஐயா, சட்டம் சரி. லைற் போட்டுச் சுருக்குவலையால அள்ளுற ஆக்களுக்கும் இதே சட்டம்தானே?"

வழக்கை எழுதினேன். அவருடைய கேள்வியையும் மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

அதன்பிறகு மீனவர் சங்கக் கூட்டங்களில் தடைகளை வாசிப்பதை நிறுத்தினேன். சுருக்குவலை போடும் பெரிய படகுக்காரரையும் வரச்சொல்லி, யார் எங்கே எந்த வலை போடுகிறார் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தேன். சண்டையில் குழம்பிய கூட்டங்களும் உண்டு. ஆனாலும் கடலில் வெடிச்சத்தம் கேட்டால் எனக்கு முதல் அழைப்பு அந்தச் சங்கத்து ஆட்களிடமிருந்தே வரத் தொடங்கியது.