கம்பிச்சடக்கு வழியே ஒரு நேர்த்திக்கடன்

முழங்கால் ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி அண்ணன் முனியாண்டி சாமியிடம் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டார். “கால் சரியாகட்டும், கிராஞ்சியில் இருந்து உன் வாசல் வரைக்கும் அப்பா நடந்த சடக்கிலேயே நடந்து வர்றேன்.” கால் சரியாகிவிட்டது. டாக்டரும் நடக்கலாம் என்றார். எவ்வளவு தூரம் என்று அவரிடம் அண்ணன் சொல்லவே இல்லை. துணைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அண்ணனுக்கு வயது 67. கூடப்பிறந்தவர் இல்லை, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் கீழ்வீடு. அவருடைய அப்பா ரயிலில் கேங்கு வேலை பார்த்தவர். ஜல்லி கொட்டுவது, சிலிப்பர் கட்டை மாற்றுவது, போல்ட் முடுக்குவது எல்லாம் மண்டோர், அதாவது மேஸ்திரி, சொன்னபடி. அந்தத் தலைமுறை ரயில் பாதையைக் கம்பிச்சடக்கு என்றுதான் சொல்லும். கம்பியைக் கழற்றிக்கொண்டு போய்ப் பல வருடம் ஆனாலும் அண்ணன் வாயில் இன்னும் அதே பெயர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கிராஞ்சியை ஒட்டிய சுங்கை காடுட் அரசகேசரி சிவன் கோயிலில் தொடங்கினோம். சுற்றிலும் மரப்பட்டறை, லாரி, பட்டறைத் தூசி. நடுவில் சிவன். வாரநாளில் அந்தப் பக்கம் லாரிச் சத்தம் காதைப் பிளக்கும், ஞாயிறு என்பதால் மணிச் சத்தம் நன்றாகக் கேட்டது. திருநீறு பூசிக்கொண்டு அண்ணன் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது முனியாண்டிக்கு. வீட்டிலேயே மஞ்சள் குங்குமம் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

பழைய ரயில் பாதை உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர். கடைசி ரயில் 2011 ஜூன் 30 ராத்திரி போனது, ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். அண்ணன் அன்றைக்குக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாராம். “எல்லாரும் போட்டோ எடுத்தாங்க தம்பி. நான் சக்கரத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன்,” என்றார். இப்போது அது நடைபாதை. கம்பி இருந்த இடத்தில் சைக்கிள், பிள்ளைகள், நாய் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள். இரண்டு கம்பிக்கும் நடுவே ஒரு மீட்டர்தான், கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அந்த ஒரு மீட்டருக்காக இருபக்கமும் விட்ட நிலத்தில்தான் இன்று இவ்வளவு மரம்.

வடக்குப் பகுதி வெட்ட வெளி. எட்டரைக்கே வெயில் பிடரியில் ஏறியது. மண்டாய், சுவா சூ காங், கொம்பாக் என்று பழைய ரயில்வே கேட் இருந்த இடங்களை அண்ணன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். நான் பார்த்தது சாலையும் சிக்னலும். அவர் கண்ணுக்கு மட்டும் கேட் தெரிந்தது.

அப்புறம் மழை. இந்த ஊர் மழை சொல்லிவிட்டு வராது. ஒரு மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கினோம், முக்கால் மணி நேரம் நகர முடியவில்லை. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பர் புக்கிட் தீமா சாலையில் முருகன் குன்றம் கோயில் இருக்கிறது, பகல் நடை சாத்துவதற்குள் அங்கே போய்விட வேண்டும் என்பது என் திட்டம். உண்மையைச் சொன்னால் முனியாண்டி என்கிற முனீஸ்வரன் அண்ணனுடைய வேண்டுதல், முருகன் என்னுடையது. எனக்கும் ஒரு விஷயம் கேட்கவேண்டியிருந்தது.

மழை விட்டதும் பாதை செம்மண் குழம்பு. அண்ணன் புது முட்டியைப் பத்திரமாக எடுத்து வைத்து நடக்க, நான் பத்தடி முன்னால் போய் நின்று நின்று திரும்பிப் பார்த்தேன். அவசரப்படுத்தவும் முடியவில்லை, அவசரம் போகவும் இல்லை. கடைசியில் நடைபாதையை விட்டுச் சாலைக்கு வந்து கோயிலை எட்டியபோது நடை சாத்தியாகிவிட்டது.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. மழையை நொந்தேன், மனதுக்குள் அண்ணனின் முட்டியையும் கொஞ்சம் நொந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அண்ணன் வெளியே நின்றபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அவரும் சாப்பிட்டுப் படுக்க வேணாமா? வா தம்பி,” என்றார். அவ்வளவுதான், திரும்பிவிட்டார். நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். காதில் விழுந்ததோ என்னவோ.

ரயில் மால் கடைவரிசை தாண்டியதும் சாலைக்கு மேலே கறுப்பு இரும்புப் பாலம். பாலத்தில் கொஞ்சம் கம்பியை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அண்ணன் சிரமப்பட்டுக் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். கம்பிமேல் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். “வெச்சா அபராதம் போடுவான்.”

மரநிழலுக்குள் நுழைந்த பிறகு வழி குளிர்ந்துவிட்டது. புக்கிட் தீமா ஸ்டேஷனை அடைந்தபோது மணி இரண்டு. சின்னச் செங்கல் கட்டடம், 1932-இல் கட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் பிரித்தோம். நடந்த பசிக்கு அது பிரசாதமாகவே இறங்கியது.

அங்கேதான் அண்ணன் சாவிக் கதையைச் சொன்னார். ஒற்றைப் பாதை, எதிரும் புதிருமாக ரயில் வரக்கூடாது. அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சாவி. சாவி கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. அந்தச் சாவியை ஒரு பெரிய வளையத்தில் மாட்டி, ஸ்டேஷன்காரர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஓடுகிற ரயிலிலிருந்து கையை நீட்டி அதைக் கோத்து எடுத்துக்கொள்வார்கள், கையிலிருக்கும் பழைய வளையத்தைக் கொடுத்துவிடுவார்கள். உலகமெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகும் கடைசி வருடம்வரை இங்கே இது நடந்தது. “சின்னப் பிள்ளையில எனக்கு அது மாலை மாதிரி இருக்கும். ரயிலுக்கு மாலை போட்டு அனுப்புறாங்கன்னு நினைச்சுக்குவேன்,” என்றார்.

இந்த ஸ்டேஷனும் இந்த வழியும் 1932-இல் பாதையை மாற்றிப் போட்டபோது வந்தவை. அதற்கு முன், 1903-இல் வந்த முதல் ரயில் டேங்க் ரோட்டிலிருந்து கிளம்பியது. அங்கே 1859-லேயே நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி இருக்கிறார். அந்தப் பாதையையும் எடுத்துவிட்டார்கள். தைப்பூசத்துக்குக் காவடி மட்டும் வருடம் தவறாமல் அங்கே போய்ச் சேருகிறது.

ஹாலந்து ரோடு, கிம் மோ, புவன விஸ்தா. இந்தப் பகுதியைப் பற்றி எனக்குப் பெரிதாக நினைவில்லை. குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது, குனிந்த தலையோடு நடந்தேன். பேச்சு நின்றுபோனது. அண்ணன்தான் மெல்ல ‘முருகா முருகா’ என்று சொல்லிக்கொண்டு வந்தார். முனியாண்டிக்குப் போகிற வழியில் முருகனா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

தங்ளின் ஹால்ட்டில் பாதையை விட்டு மேலேறி, காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயிலுக்கு வந்தபோது ஆறு மணி தாண்டிவிட்டது, நடை திறந்திருந்தது. இந்தக் கோயிலும் 1932-இல்தான் தொடங்கியது, குவீன்ஸ்வே பக்கம் கம்பிச்சடக்கு ஓரத்தில், ரயில் தொழிலாளிகள் கும்பிட்ட சின்னக் குடிலாக. பாதை போட்டவர்கள் கையோடு சாமியையும் வைத்துக்கொண்டார்கள். 1998-இல் குடமுழுக்கு கண்ட இன்றைய பெரிய கோயிலில் நின்று அந்தக் குடிலை நினைத்துப் பார்ப்பது எனக்குக் கஷ்டம். அண்ணனுக்குக் கஷ்டமே இல்லை. அவர் அப்பா வேலைக்குப் போகும்முன் அங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சுத்தியலைத் தூக்குவாராம். ரயில் கடக்கும்போது ஊதினால் “முனியாண்டிக்குத்தான்டா ஊதுறான்” என்பாராம். டிரைவர் எதற்கு ஊதினாரோ, அந்த வீட்டில் கணக்கு அப்படித்தான்.

குழாயடியில் கால் கழுவினோம். அண்ணனின் காலிலிருந்து செம்மண் கரைந்து சிவப்பாக ஓடியது. ஆபரேஷன் தழும்பு முட்டியில் நீளமாக, அதைச் சுற்றி வீக்கம். அவர் அதைப் பார்க்கவே இல்லை. குழாயை மூடிவிட்டு ஈரக் காலோடு உள்ளே போனார். சன்னதியில் எலுமிச்சம்பழத்தைத் தட்டில் வைத்தார். நாளெல்லாம் பையில் கிடந்து வெதும்பி, ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது, குங்குமம் வியர்வையில் பரவிச் சட்டையிலும் ஒட்டியிருந்தது. குருக்கள் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். கற்பூர வெளிச்சத்தில் அண்ணன் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வெகுநேரம் சொன்னார்.

திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டு ஸ்டேஷன் போவதற்குள் நான் தூங்கிவிட்டேன். தோளைத் தட்டினார்.

“தம்பி, முருகனுக்கு ஒரு பாக்கி இருக்கு.”

“ஆமாண்ணே.”

“வெள்ளிக்கிழமை போவோம். காலையிலேயே. பஸ்ஸுல.”